பழம் சுத்தம், சேம்புல விஷம்: மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளோட குளோர்டெகோன் கேஸ்

2002 ஆகஸ்ட்ல பிரான்ஸோட வடக்கு ஓரம் டன்கெர்க் துறைமுகத்துல ஒன்றரை டன் சக்கரவள்ளிக்கிழங்கை அதிகாரிங்க புடிச்சாங்க. கரீபியன் கடல்ல, பிரான்ஸோட ஆட்சியில இருக்கற மார்ட்டினிக் தீவுல இருந்து கப்பல்ல வந்த சரக்கு. டெஸ்ட் பண்ணா உள்ள குளோர்டெகோன்னு ஒரு பூச்சிமருந்து. அந்த மருந்தை அங்க போடக்கூடாதுன்னு கடைசி கதவையும் சாத்துனது 1993ல, அதுவும் அது கிழங்குக்கு போட்ட மருந்தே இல்ல, வாழைக்கு போட்டது. ஒன்பது வருஷம் கழிச்சு வேற ஒரு பயிர்ல ஏறி கடல் தாண்டி வந்து நிக்குது.

எனக்கு இதுல உறைச்சது வேற விஷயம். அதே மண்ணுல விளைஞ்ச வாழைப்பழம் அத்தனை வருஷமும் டன் கணக்குல பிரான்ஸுக்கு போயிட்டுதான் இருந்துச்சு, யாரும் புடிக்கல, புடிக்க வேண்டிய அவசியமும் இல்ல, ஏன்னா பழத்துக்கு அந்த விஷம் கிட்டத்தட்ட ஏறவே ஏறாது, வேர்லயும் அடிக்கட்டையிலயும் நின்னுடும். ஏற்றுமதி ஆகற பழம் சுத்தம், ஊர்க்காரன் வீட்டுக்கு பின்னாடி தோண்டி எடுக்கற சேம்புல விஷம். இந்த ஒரு கோணல் மட்டும் இல்லைன்னா இந்த கேஸ் எப்பவோ முடிஞ்சிருக்கும்னு நினைக்கறேன். பாரிஸ் கடையில வாங்குற பழத்துல இருந்திருந்தா 1993 வரைக்கும் இழுத்திருப்பாங்களா?

எங்க வீட்டுலயும் வாழைதான், தொட்டியம் பக்கம். கூன்வண்டுன்னா என்னன்னு வாழைக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்காக சொல்றேன்: கருப்பா, அரை அங்குல நீளம், மூக்கு வளைஞ்சு இருக்கும், பகல்ல காஞ்ச மட்டைக்குள்ள படுத்துகிட்டு ராத்திரி நடமாடும். முட்டையை அடிக்கட்டையில வைக்கும், பொரிச்ச புழு கிழங்கை குடைஞ்சுகிட்டே போகும். மேல பாத்தா மரம் பச்சையாதான் நிக்கும், தார் தள்ளி வெயிட் ஏறுன நேரம் பாத்து ஒரு சின்ன காத்து அடிச்சா அப்படியே சாஞ்சுடும். சாஞ்சதோட கட்டையை அரிவாளால ரெண்டா வகுந்து பாத்தா உள்ள விரல் விடற அளவுக்கு கருப்பு கருப்பா சுரங்கம். அதை பாக்கறப்ப வர்ற ஆத்திரத்துல எந்த பவுடரை குடுத்தாலும் வாங்கி போட்டுடுவோம், அதையும் நேர்மையா சொல்லிடணும். மார்ட்டினிக்லயும் பக்கத்துல இருக்கற இன்னொரு பிரெஞ்சு தீவு குவாதலூப்லயும் இருந்தது இதே வண்டுதான். அங்க முதல்ல போட்டது பிஹெச்சி, நம்ம ஊர்ல எறும்புக்கு தூவுன அதே நாத்தம் புடிச்ச பவுடர். கொஞ்ச வருஷத்துல வண்டு அதுக்கு பழகிடுச்சு. அந்த இடத்துக்குதான் குளோர்டெகோன் வந்துச்சு.

முதல்ல கை நடுங்குனது அமெரிக்காவுல

குளோர்டெகோன் அமெரிக்க சரக்கு. அலைடு கெமிக்கல் கம்பெனி 1950கள்ல கண்டுபுடிச்சு கெபோன்ங்கற பேர்ல வித்தாங்க. உள்ளூர்ல எறும்புப் பொறி, கரப்பான் பொறி இதுக்கெல்லாம் கொஞ்சம் போச்சு, பெரும்பகுதி ஏற்றுமதி. 1974ல வர்ஜீனியா மாநிலம் ஹோப்வெல்ங்கற ஊர்ல இதை தயாரிக்கற வேலையை லைஃப் சயின்ஸ் ப்ராடக்ட்ஸ்னு ஒரு குட்டி கம்பெனிக்கு விட்டாங்க, ஆரம்பிச்சவங்க அலைடுலயே வேலை பாத்தவங்க, ஃபேக்டரின்னு சொல்றது ஒரு பழைய பெட்ரோல் பங்க் கட்டடம். உள்ள எங்க பாத்தாலும் பவுடர் பறக்கும். வேலை செஞ்சவங்களுக்கு கை நடுக்கம், கண்ணு ஒரு இடத்துல நிக்காம அலை பாயுது, நெஞ்சுவலி, எடை குறையுது, ஆம்பளைங்களுக்கு விந்தணு எண்ணிக்கை விழுந்துடுச்சு. ஊர்ல அதுக்கு 'கெபோன் நடுக்கம்'னே பேர் வச்சாங்க. டாக்டருங்க பலபேர் டென்ஷன்னு சொல்லி அனுப்பி வச்சிருக்காங்க, ஒரே ஒரு டாக்டர் சந்தேகப்பட்டு ரத்தத்தை அட்லாண்டாவுல இருக்கற சிடிசிக்கு, அதாவது அமெரிக்க அரசோட நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்புனாரு, அதுக்கப்புறம்தான் விஷயம் வெளிய வந்து 1975 ஜூலைல ஃபேக்டரியை மூடுனாங்க. பதினாறு மாசம்தான் ஓடுச்சு அந்த ஃபேக்டரி.

அதுக்குள்ள கழிவு சாக்கடை வழியா ஜேம்ஸ் ஆத்துக்கு போயிடுச்சு. ஊரோட கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல கசடை தின்னு செரிக்கிற பாக்டீரியாவையே கொன்னுடுச்சுன்னா பாத்துக்கோங்க. அந்த ஆத்துல 1975 டிசம்பர்ல மீன் புடிக்க தடை போட்டாங்க, முழுசா எடுக்க 1988 ஆச்சு. ஆறு தானா சேத்தை போட்டு மூடிக்கிட்டதுதான் அங்க நடந்த சுத்திகரிப்பு. அலைடு மேல 1976ல 1.32 கோடி டாலர் அபராதம் விழுந்துச்சு, சுற்றுச்சூழல் நிதி ஒண்ணுக்கு 80 லட்சம் டாலர் குடுத்ததால அதை 50 லட்சமா குறைச்சாங்க.

ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும். ஹோப்வெல் தொழிலாளிங்களுக்கு வைத்தியமா குடுத்தது கொலஸ்டைரமின், அதாவது கொலஸ்ட்ரால் மருந்து. ஈரல்ல இருக்கற குளோர்டெகோன் பித்தநீரோட குடலுக்கு வருது, குடல் அதை திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்புது, இந்த சுத்தலை மருந்து குடல்ல வச்சு மடக்கி மலத்தோட வெளிய தள்ளிடுச்சு. நடுக்கமும் குறைஞ்சுது. டிடிடி மாதிரி கொழுப்புல போய் உக்காராம இது ஈரலை புடிச்சுக்கற ஜாதி, உடம்பை விட்டு போகக்கூடியது. மண்ணை விட்டுதான் போகாது.

எல்லாம் பேப்பர்ல இருந்துச்சு

இப்ப பிரான்ஸ் பக்கம் வருவோம். இந்த இடத்துலதான் எனக்கு படிக்க படிக்க கோவம் வந்தது. 1968லயும் 1969லயும் அந்த நாட்டு நச்சுப்பொருள் கமிட்டி இந்த மருந்துக்கு அனுமதி குடுக்கல, விஷத்தன்மை ஜாஸ்தி, மண்ணுல நிக்கும்னு தெரிஞ்சுதான் குடுக்கல. 1972ல என்னமோ நடந்து தற்காலிக அனுமதி குடுக்கறாங்க, ஒரு வருஷத்துக்குன்னு. தற்காலிகம்னா நமக்கு தெரியாதா, அது ஓடிக்கிட்டே இருந்துச்சு. 1975ல ஹோப்வெல் வெடிக்குது, உலகம் பூரா நியூஸ், தீவுல அந்த வாரமும் பவுடர் போட்டுகிட்டுதான் இருந்தாங்க. 1977ல பிரான்ஸோட விவசாய ஆராய்ச்சி நிறுவனமே குவாதலூப் வாழைத்தோட்டத்து மண்ணுலயும் பக்கத்து தண்ணியிலயும் இது இருக்குன்னு அறிக்கை குடுக்குது. 1979ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனுஷனுக்கு புற்றுநோய் வரவழைக்கக்கூடியதா இருக்கலாம்ங்கற பட்டியல்ல சேக்குது. 1980ல இன்னொரு அறிக்கை, உயிரினங்கள் உடம்புல சேருதுன்னு.

இத்தனைக்கும் அப்புறம் 1981ல மறுபடி அனுமதி குடுக்கறாங்க, இந்த தடவை குர்லோன்ங்கற பேர்ல! அமெரிக்க ஃபேக்டரி மூடுனதால கெபோன் வரத்து நின்னுபோச்சு. 1979ல டேவிட் புயல், 1980ல ஆலன் புயல் அடிச்சு தோட்டம் எல்லாம் படுத்துடுச்சு, சாஞ்சு அழுகுன கட்டையில வண்டு பெருகிடுச்சு, தோட்ட முதலாளிங்க நெருக்குறாங்க. மூலப்பொருளை பிரேசில்ல தயாரிச்சு, தெற்கு பிரான்ஸ்ல பெசியேங்கற ஊர்ல பவுடராக்கி, தீவுக்கு கப்பல் ஏத்துனாங்க. 1990ல பிரான்ஸ் அனுமதியை ரத்து பண்ணுது, ஆனா தீவுக்கு மட்டும் கையில இருக்கற ஸ்டாக் தீரட்டும்னு ரெண்டு வருஷம், அது பத்தலைன்னு இன்னும் ஒரு வருஷம். இப்படித்தான் 1993 வந்துச்சு.

2019ல பிரெஞ்சு பார்லிமென்ட் விசாரணைக் குழு இதை தோண்டுனப்ப, அந்த நச்சுப்பொருள் கமிட்டியோட 1972ல இருந்து 1989 வரைக்குமான கூட்டக் குறிப்புங்க காணோம். பதினேழு வருஷத்து பேப்பர். கரையான் தின்னுச்சான்னு கேட்க ஆள் இல்ல.

முப்பது கிராம்

எப்படி போட்டாங்கன்னு பாக்கலாம், ஏன்னா எவ்ளோ சின்ன அளவுங்கறதுதான் இதுல ஆச்சரியம். பவுடர்ல 5 சதவீதம்தான் விஷம், மீதி வெறும் களிமண் மாதிரி கலப்பு. ஒரு மரத்துக்கு 30 கிராம். ஆளுங்க வாளியில எடுத்துகிட்டு வரிசையா போயி ஒவ்வொரு மரத்தடியிலயும் சுத்தி தூவணும், கையுறை மாஸ்க் எதுவும் இல்லாம. 30 கிராம்ல 5 சதவீதம்னா ஒன்றரை கிராம், சமையலுக்கு போடற உப்பு கால் டீஸ்பூன் அளவு. ஹெக்டேருக்கு 2,000 மரம்னா 3 கிலோ. இப்படி கால் ஸ்பூன் கால் ஸ்பூனா இருபது வருஷத்துல அந்த ரெண்டு தீவு மண்ணுக்குள்ள போனது சுமார் 300 டன் குளோர்டெகோன், பவுடர் கணக்குல 6,000 டன்.

1974 பிப்ரவரில மார்ட்டினிக் வடக்குல வாழைத்தோட்டத் தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க. கூலி உயர்வு முக்கிய கோரிக்கை, ஆனா பட்டியல்ல இன்னொண்ணும் இருந்துச்சு: நச்சு மருந்துங்களை நிறுத்தணும். விஞ்ஞானிங்க அறிக்கைக்கு மூணு வருஷம் முன்னாடி வாளி தூக்குனவங்க சொல்லிட்டாங்க. பிப்ரவரி 14ந்தேதி பாஸ்-புவான்ட் ஊர் ஷால்வே தோட்டத்துல போலீஸ் சுட்டுச்சு, ரெனோர் இல்மானிங்கற தொழிலாளி செத்தாரு, ஜார்ஜ் மரி-லூயிஸ்ங்கற 19 வயசு பையனோட உடலை ரெண்டு நாள் கழிச்சு கடற்கரையில எடுத்தாங்க. கூலி கொஞ்சம் ஏறுச்சு. மருந்து நிக்கல.

பாஸ்-புவான்ட்ங்கற பேரை படிச்சதும் எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னா அது நம்ம ஆளுங்க ஊரு. அடிமை முறை ஒழிஞ்சதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாம 1853ல இருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியா ஒப்பந்தக் கூலியா கப்பல் ஏத்துனாங்க, ஒரேலின்னு முதல் கப்பல், மார்ட்டினிக்குக்கு சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்கு 42,000 பேர் வரைக்கும், அதுல பெரும்பாலும் தமிழ் பேசுறவங்க. மொழி போயிடுச்சு, மாரியம்மன் 'மாலியெமின்' ஆயிட்டா, கறிக்கு பேரு 'கொலொம்போ', முத்துசாமி இன்னும் முத்துசாமிதான், எழுத்து மட்டும் பிரெஞ்சு. மார்ட்டினிக்ல அவங்க கோயில் இருக்கற வடக்குப் பகுதி பாஸ்-புவான்ட், குவாதலூப்ல பேர் போன ஷாங்கி கோயில் இருக்கறது காப்பெஸ்தேர்-பெல்-ஓ. ரெண்டுமே எரிமலை அடிவாரம், மழை கொட்டுற இடம், கரும்புக்கு அப்புறம் வாழைக்கு மாறுன இடம். குளோர்டெகோன் மேப்பை எடுத்து பாருங்க, ரெண்டு ஊரும் சிவப்பா இருக்கும். பாதிக்கப்பட்டதுல பெரும்பான்மை ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள்தான், இதை தமிழர் கேஸ்னு நான் சொல்ல வரல, ஆனா அந்த மண்ணுல நம்ம கிழங்கும் இருக்கு.

மண்ணு ஏன் விடமாட்டேங்குது

குளோர்டெகோன் மூலக்கூறுல பத்து கார்பன், பத்து குளோரின், ஒரு ஆக்சிஜன். கூண்டு மாதிரி மூடுன வடிவம், வெளிப்புறம் பூரா குளோரின். பாக்டீரியாவுக்கு கடிக்க பிடிமானமே இல்லாத கொட்டைப்பாக்குன்னு வச்சுக்கோங்க. வெயில்ல ஆவியாகாது, தண்ணியில சரியா கரையாது, மண்ணுல இருக்கற கரிமப்பொருளோட ஒட்டிக்கும். ஆக அது மண்ணை விட்டு போக ஒரே வழி, மழைத்தண்ணி கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு கழுவிட்டு போறதுதான்.

எரிமலை மண்ணுல ரெண்டு மூணு வகை இருக்கு. அதுல ஆண்டோசால்னு ஒண்ணு, கருப்பா பஞ்சு மாதிரி இருக்கும், அதோட களிமண் துகளுக்குள்ள நுண்ணிய துளைங்க ஸ்பாஞ்ச் போல. குளோர்டெகோன் உள்ள போயி மாட்டிக்கிச்சுன்னா வெளிய வர்றது ரொம்ப ரொம்ப மெதுவா. 2009ல ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்குப்படி சில வகை மண்ணு சுத்தமாக நூறு வருஷத்துக்கு கிட்ட, ஆண்டோசாலுக்கு 500 வருஷத்துக்கு மேல. சமீபத்துல பழைய மண் அளவீடுகளை திரும்ப எடுத்து பாத்த ஒரு குழு, அவ்ளோ ஆகாது, இந்த நூற்றாண்டுக்குள்ளயே பெருமளவு குறைஞ்சுடும்னு சொல்றாங்க. எது சரின்னு சண்டை ஓடிக்கிட்டிருக்கு, நல்ல கணக்கு பலிச்சாலும் இப்ப அங்க பொறக்கற குழந்தைக்கு தாத்தா வயசாகும்.

ஒரு வேடிக்கை இருக்கு. இறுக்கிப் புடிக்கற ஆண்டோசால்தான் பயிருக்கு கம்மியா விடுது, அதாவது அளவுல ரொம்ப ஜாஸ்தி விஷம் இருக்கற மண்ணுல விளைஞ்ச கிழங்கு, கம்மி விஷம் இருக்கற வேற மண்ணுல விளைஞ்சதை விட சுத்தமா இருக்கலாம். மண் ரிப்போர்ட்ல நம்பரை மட்டும் பாத்துட்டு முடிவு பண்ண முடியாது. நம்ம ஊர்ல மண்ணு டெஸ்ட்னா என்பிகே, அதாவது தழை, மணி, சாம்பல் சத்து பாத்துட்டு விட்டுடறோம், மருந்து மிச்சம் பாக்கறதே இல்ல, அப்படியே பாத்தாலும் இந்த மாதிரி நுணுக்கம் யார் சொல்லுவா.

அப்புறம் எந்த பயிர்ங்கறது. மண்ணுக்குள்ள விளையற எல்லாம் மாட்டுச்சு: சேம்பு, காவள்ளி, சக்கரவள்ளி, கேரட், முள்ளங்கி. தோல்ல ஜாஸ்தி, உள்ள போகப் போக கம்மி. வெள்ளரி, பூசணி, கீரை வகை நடுவுல. தக்காளி, கத்திரி, மிளகாய், எலுமிச்சை, பலா மாதிரி இருக்கற ஈரப்பலாக்காய், வாழைப்பழம் இதெல்லாம் பரவாயில்ல. கிழங்குதான் அந்த மக்களோட சோறு. வீட்டுக்கு பின்னாடி நாலு சேம்பு, ரெண்டு கொடி வள்ளி, கோழி நாலு, இது அங்க தலைமுறை தலைமுறையா வர்ற பழக்கம், கையில காசு இல்லைன்னா தோண்டி எடுத்து வேக வைக்கறது. கோழி மண்ணை கொத்துது, முட்டைக்கு ஏறுது. மாடு மேயறப்ப புல்லோட மண்ணும் உள்ள போகுது, ஈரல்ல சேருது. மாட்டை வெட்டறதுக்கு முன்னாடி பல மாசம் சுத்தமான புல்வெளியில விட்டு உடம்பை கழுவ வைக்கறாங்க, அப்புறம்தான் கசாப்பு. கடையில விக்கற பொருளுக்கு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் எல்லைன்னு சட்டம் இருக்கு, செக்கிங் இருக்கு. பின்கட்டுத் தோட்டத்துக்கு யார் செக்கிங் பண்றது? அதுக்குன்னு அரசாங்கம் இலவச மண் டெஸ்ட் திட்டம் ஒண்ணு ஆரம்பிச்சு, வீட்டுக்கு வந்து மண்ணு எடுத்து, தோலை தடிமனா சீவுங்க, தோட்டத்துக் கிழங்கை வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல சாப்பிடாதீங்கன்னு சொல்லிட்டு போறாங்க. காசு இருக்கறவன் கடையில வாங்கிக்கலாம், இல்லாதவனுக்கு அந்த ரெண்டு தடவை கணக்கு எப்படி செல்லும்னு தெரியல.

தண்ணி, கடல்

1999ல குடிதண்ணி எடுக்கற ஊத்துகள்லயே இருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. சில ஊத்தை மூடுனாங்க, சில இடத்துல கரி ஃபில்டர் போட்டு இப்பவரை ஓட்டறாங்க. ஆத்து மீன் புடிக்க தடை. ஆத்துல வளர்க்கற இறால் பண்ணைங்க மூடுனாங்க. ஆத்துத்தண்ணி கடல்ல கலக்கற இடத்துல மீன், நண்டு, சிங்கி இறால்ல எல்லாம் ஏறுனதால 2009, 2010ல இருந்து கரையோரம் வரிசையா மீன்பிடி தடை, சின்ன படகுக்காரங்க கரையை விட்டு தூரமா போகணும், டீசல் செலவு யார் தருவா. வாழை ஒரு கட்டை கூட நட்டிருக்க மாட்டான் அந்த மீனவன்.

இதுல ஒரு கிளைக்கதை இருக்கு, எனக்கு தூக்கிவாரிப் போட்டது. 2021ல வந்த ஒரு ஆய்வுக்காக கடல் அடி சேத்தை குழாய் மாதிரி தோண்டி எடுத்து அடுக்கு அடுக்கா பாத்தாங்க. குளோர்டெகோன் நிறுத்துனதுக்கு அப்புறம் குறைஞ்சுகிட்டே வரணும் இல்லையா, 1990கள் கடைசியில இருந்து ஏறிக்கிட்டு போகுது. ஏன்னு தேடுனா அந்த சமயத்துலதான் தோட்டத்துல களைக்கு கிளைஃபோசேட் அடிக்க ஆரம்பிச்சிருக்காங்க. களை செத்து தரை மொட்டையாச்சு, மழைக்கு மண்ணு அரிச்சுகிட்டு போச்சு, மண்ணோட ஒட்டி இருந்த பழைய விஷமும் சேந்து கடலுக்கு போச்சு. புது மருந்து பழைய மருந்தை எழுப்பி விட்டுடுச்சு. நம்ம தோப்புல களைக்கொல்லி அடிச்சு தரையை வழிச்சு வச்சா 'சுத்தமா வச்சிருக்காருப்பா'ன்னு பாராட்டுவாங்க, அந்த சுத்தத்தை நினைச்சுக்கிட்டேன்.

உடம்புக்கு என்ன ஆச்சு

இங்க கொஞ்சம் நிதானமா பேசணும், ஏன்னா ரெண்டு பக்கமும் மிகைப்படுத்தறாங்க. 2013, 14ல எடுத்த ரத்தப் பரிசோதனையில குவாதலூப் பெரியவங்கள்ல 95 சதவீதம், மார்ட்டினிக்ல 92 சதவீதம் பேர் ரத்தத்துல குளோர்டெகோன் இருந்துச்சு. இருக்குங்கறது வேற, ஆபத்தான அளவுங்கறது வேற. 2022ல பிரெஞ்சு உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஒரு எல்லை அளவு வச்சு அதே ரத்தக் கணக்கை பாத்தப்ப, எல்லையை தாண்டுனவங்க குவாதலூப்ல 14 சதவீதம், மார்ட்டினிக்ல 25 சதவீதம். நாலுல ஒருத்தர். எல்லாருக்கும் விஷம்னு கத்துறதும் தப்பு, ஒண்ணும் இல்லைன்னு சொல்றது அதை விட தப்பு.

புரோஸ்டேட் புற்றுநோய் அந்த தீவுகள்ல உலகத்துலயே ரொம்ப அதிகமா வர்ற வரிசையில இருக்கு. ஆப்பிரிக்க வம்சாவளி ஆம்பளைங்களுக்கு இந்த நோய் பொதுவாவே கூடுதல், அதையும் சேத்துதான் பாக்கணும். 2010ல வந்த குவாதலூப் ஆய்வு அதே தீவுக்காரங்களை அவங்களுக்குள்ளயே ஒப்பிட்டு பாத்துச்சு: ரத்தத்துல அளவு ஜாஸ்தி இருந்தவங்களுக்கு நோய் வர்ற வாய்ப்பு ஒன்றே முக்கால் மடங்கு. மார்ட்டினிக்ல ஆரம்பிச்ச இதே மாதிரி ஆய்வுக்கு 2014ல பணத்தை நிறுத்திட்டாங்க. குழந்தைங்க பக்கம், குவாதலூப்ல 2004ல இருந்து 2007க்குள்ள சுமார் ஆயிரம் கர்ப்பிணிகளை சேத்து பிள்ளைகளை தொடர்ந்து பாத்துட்டு வர்றாங்க. அம்மா ரத்தத்துல அளவு கூட இருந்தா குறைப்பிரசவம் கூடுது, ஒன்றரை வயசுல பையன்களுக்கு விரலால நுணுக்கமா புடிக்கற வேலையில பின்னடைவு தெரியுது. ஹோப்வெல்ல பெரியவங்களுக்கு கை நடுங்குச்சுன்னு மேல சொன்னேன் இல்ல, அதே நரம்பு வழி.

2018ல பிரெஞ்சு அதிபர் மேக்ரோன் தீவுக்கே வந்து இது சுற்றுச்சூழல் அவலம், அரசு பொறுப்பு ஏத்துக்கணும்னு பேசுனாரு. அடுத்த பிப்ரவரிலயே இதை புற்றுநோய் வரவழைக்கும்னு சொல்லக்கூடாதுன்னு ஒரு கூட்டத்துல சொல்லி, தீவு பூரா கொதிச்சு, தப்பா புரிஞ்சுகிட்டாங்கன்னு ஆபீஸ்ல இருந்து விளக்கம் வந்துச்சு. 2021 டிசம்பர்ல புரோஸ்டேட் புற்றுநோயை பூச்சிமருந்தால வர்ற தொழில் நோய்னு அரசாணை போட்டாங்க. நல்லதுதான். ஆனா தோட்டத்துல வேலை செஞ்ச காலத்தை வருஷக்கணக்குல நிரூபிக்கணும், அன்னக்கூலிக்கு வாளி தூக்குனவங்க கிட்ட எந்த ஸ்லிப் இருக்கும்?

கோர்ட்

2006ல தீவு அமைப்புங்க கிரிமினல் புகார் குடுத்தாங்க. 2023 ஜனவரில பாரிஸ் நீதிபதிங்க கேஸை தள்ளுபடி பண்ணாங்க. இது சுகாதார அவலம்தான்னு அவங்களே எழுதி இருக்காங்க, ஆனா காலம் கடந்துடுச்சு, அந்த காலத்து விஞ்ஞான அறிவை வச்சு குற்றம்னு நிரூபிக்க முடியலைன்னு காரணம். விஞ்ஞான அறிவு! 1969ல வேணாம்னு சொன்ன கமிட்டி, 1975 ஹோப்வெல், 1977 மண்ணு ரிப்போர்ட், 1979 புற்றுநோய் பட்டியல், இதெல்லாம் என்ன அறிவுல சேத்தின்னு புரியல.

அரசு மேல போடற வழக்கை விசாரிக்கற நிர்வாக கோர்ட் பக்கம் கொஞ்சம் நகர்ந்துச்சு. 2022ல அரசு அலட்சியமா இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டு நஷ்டஈடு மட்டும் இல்லைன்னாங்க. 2025 மார்ச் 11ந்தேதி பாரிஸ் மேல்முறையீட்டு நிர்வாக கோர்ட், அரசு தப்பு பண்ணிருக்கு, இந்த விஷத்தால நமக்கு என்ன ஆகுமோன்னு பயத்தோட வாழறவங்களுக்கு அந்த மனக்கவலைக்கு ஈடு குடுக்கணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. கவலையை நிரூபிக்கணும் ஆனா. ரத்த ரிப்போர்ட், வீட்டு மண்ணு ரிப்போர்ட், டாக்டர் சீட்டு. ஆயிரத்துக்கு மேல கேஸ் போட்டவங்கள்ல சொற்ப பேருக்குதான் கிடைச்சுது.

அந்த ரத்த டெஸ்ட் 2021ல இருந்து தீவுல எல்லாருக்கும் இலவசம். ஹோப்வெல் கதையில ஞாபகம் வச்சுக்க சொன்னது இதுக்குதான்: உடம்பு இதை விட்டுடும். புதுசா உள்ள போகலைன்னா அஞ்சாறு மாசத்துல ரத்தத்துல இருக்கறது பாதியாகும், இன்னொரு அஞ்சாறு மாசத்துல அதுலயும் பாதி. அதனால நம்பர் கூட வந்தவங்களுக்கு மாத்திரை எதுவும் எழுதறதில்ல, உக்கார வச்சு என்ன சாப்பிடறீங்க, எங்க இருந்து வருதுன்னு கேட்டு சாப்பாட்டை மாத்த சொல்றாங்க. தோட்டத்துல சேம்பை எடுத்துட்டு கத்திரி, தக்காளி, மிளகா வைங்க. கோழியை சிமெண்ட் தரையில அடைங்க. தெரிஞ்சவர் குடுத்த ஆத்து மீனை வாங்காதீங்க. கிழங்கு வேணும்னா கடையில வாங்குங்க. அடுத்த டெஸ்ட்ல நம்பர் இறங்கி இருக்கும், பின்கட்டு மண்ணுல அப்படியே இருக்கும்.